புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டாம்

"இன்னும் புரை முற்றலையாம், முற்றினதும் பாத்துக்கலாம்." நம் வீடுகளில் இன்றும் கேட்கிற பேச்சு இது. ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள், அதில் நியாயமும் இருந்தது. அப்போது கருவிழியின் ஓரத்தில் ஏறக்குறைய அரைவட்டத்துக்கு வெட்டி, லென்ஸை முழுசாக வெளியே எடுத்துத் தையல் போடுவார்கள். முற்றிய புரை சுலபமாகக் கழன்று வரும். தலையை அசைக்காமல் நாள்கணக்கில் படுத்திருந்து, கடைசியில் சோடாபுட்டிக் கண்ணாடியோடு வீடு திரும்புவார்கள்.

இன்றைய சிகிச்சை முறையே வேறு. இப்போது முற்றிய புரைதான் தொல்லை. லென்ஸ் கல்லாக இறுகிவிட்டால் அதை உடைத்தெடுக்கக் கூடுதல் விசை வேண்டும். அந்த அதிர்வில் கருவிழியின் உட்புறச் செல்கள் சேதமாகலாம். சிலருக்கு முற்றிய லென்ஸ் வீங்கியோ கசிந்தோ கண்ணின் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பே கெட்டுவிடுகிறது. நரம்பு கெட்டு இழந்த பார்வையை எந்த ஆபரேஷனாலும் மீட்க முடியாது. இந்தியாவில் 2015-19இல் நடந்த தேசிய ஆய்வின்படி, 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம், சிகிச்சை செய்யப்படாத புரை. சரிசெய்யக்கூடிய ஒரு குறைக்காக இத்தனை பேர் இருட்டில் இருப்பது மனதை வருத்துகிறது.

எப்போது செய்துகொள்வது?

அன்றாட வேலைக்குப் பார்வை இடைஞ்சலாகும்போது. பஸ் நம்பர் தெரியவில்லை, அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது, மாடிப்படியில் கால் தடுமாறுகிறது என்றால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. இன்னொரு அறிகுறியைப் பலர் நல்ல சேதி என்று நினைத்துவிடுகிறார்கள். இத்தனை வருடம் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாதவர், திடீரென்று வெறும் கண்ணால் படிக்கத் தொடங்குவார். வெள்ளெழுத்து போய்விட்டது என்று வீட்டில் மகிழ்ச்சி. உண்மையில், லென்ஸின் நடுப்பகுதி இறுகி, கிட்டப்பார்வை வந்திருக்கிறது. புரையின் தொடக்கம் அது.

வயது முக்கியக் காரணம். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, நீண்டகால ஸ்டீராய்டு மருந்து ஆகியவை புரையை முன்கூட்டியே வரவழைக்கும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து இதுவரை இல்லை. தேன், வெங்காயச் சாறு என்று கண்ணில் விடுவது கருவிழியில் புண்ணை உண்டாக்கலாம். தயவுசெய்து வேண்டாம்.

ஆபரேஷனுக்கு முன்

கருவிழியின் வளைவையும் கண்ணின் நீளத்தையும் அளந்து, வைக்கப்போகும் லென்ஸின் பவரைக் கணக்கிடுவார்கள். விழித்திரை, கண் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்ப்பார்கள். சாப்பிடுகிற மாத்திரைகள் அனைத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆண்களுக்குச் சிறுநீர் தாராளமாகப் போக, புராஸ்டேட் கோளாறுக்குத் தரும் டாம்சுலோசின் மாத்திரை, ஆபரேஷனின்போது கண்ணின் பாப்பாவைச் சுருங்கவைக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தியேட்டருக்குள்

மிகப் பலருக்குப் பயமே இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பெரும்பாலானவர்களுக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. பாப்பா விரியச் சொட்டு மருந்து விடுவார்கள். எந்தக் கண் என்று நெற்றியில் அடையாளம் வைப்பார்கள். கண்ணை மரக்கவைக்கச் சொட்டு மருந்தோ, கண்ணருகில் ஓர் ஊசியோ போடுவார்கள். ஊசி என்றால் சுருக்கென்று ஒரு வலி, அத்தோடு சரி. முகத்தைத் துணியால் மூடி, ஒரு கண் மட்டும் தெரியும்படி வைத்து, இமையைச் சிறு கம்பியால் விரித்துப் பிடிப்பார்கள். ஆகவே கண்ணைச் சிமிட்டிவிடுவோமோ என்ற கவலை வேண்டாம்.

கத்தி வருவது தெரியாது. மைக்ராஸ்கோப்பின் வெளிச்சம் மட்டும் தெரியும். நீருக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் அது நிறம் மாறி அலையும். கன்னத்தில் நீர் வழியும், இயந்திரத்தின் ஓசை கேட்கும். இருமலோ தும்மலோ வருவதுபோல் இருந்தால், அசைவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

இன்று பரவலாகச் செய்யப்படும் பேக்கோ முறையில் போடும் திறப்பு 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர்தான். லென்ஸின் உறையில் சிறு வட்டமாக வழி செய்து, அதிர்கிற ஊசிமுனையால் புரையை உடைத்து உறிஞ்சுவார்கள். பின்பக்க உறை அப்படியே இருக்கும். மடித்த செயற்கை லென்ஸ் உள்ளே போய் அந்த உறைக்குள் விரிந்து உட்காரும். திறப்பு தானாக மூடிக்கொள்ளும். பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிட வேலை. மக்கள் இதை லேசர் ஆபரேஷன் என்கிறார்கள். ஆனால் வேலை செய்வது ஒலியலை. ஃபெம்டோசெகண்ட் லேசரால் சில கட்டங்களைச் செய்யும் முறை தனியாக உண்டு, செலவும் கூடுதல்.

இறுகிய புரைக்கும் முகாம் நோயாளிகளுக்கும் பல மருத்துவமனைகளில் 6 மில்லிமீட்டர் அளவுத் திறப்பில், தையலின்றி, கையால் எடுக்கும் முறையைக் கையாள்கிறார்கள். இது மட்டமான சிகிச்சை என்று யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை. தேர்ந்த கைகளில் பார்வை அதே அளவுக்குத் திரும்புகிறது.

எந்த லென்ஸ்?

இரண்டாம் உலகப்போரில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் தீங்கு செய்யாததைக் கவனித்த ஹரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். அது ஏழைக்கும் எட்டியதில் மதுரைக்குப் பெரும்பங்கு உண்டு. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இறக்குமதி லென்ஸின் விலை தாங்க முடியாமல் இருந்ததால், 1992இல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்பு நிலையத்தைத் தொடங்கியது. லென்ஸின் விலை பல மடங்கு இறங்கியது.

இன்று ஒற்றைக் குவிய லென்ஸ் தூரப்பார்வையைத் தெளிவாகத் தரும், படிக்கக் கண்ணாடி வேண்டும். உருளைப் பவர் உள்ளவர்களுக்கு டோரிக். பல குவிய லென்ஸ் வைத்தால் பெரும்பாலும் கண்ணாடி தேவைப்படாது. ஆனால் இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம், விழித்திரை கெட்டவர்களுக்கு அது ஏற்றதல்ல. விலை கூடினால் பார்வையும் கூடும் என்று எண்ணிக் கடன் வாங்காதீர்கள். என் கருத்தில், பெரும்பாலானவர்களுக்கு ஒற்றைக் குவியமே போதும்.

வீடு திரும்பிய பின்

பொதுவாக அன்றே வீட்டுக்குப் போகலாம். லேசான உறுத்தலும் நீர்வடிதலும் ஓரிரு நாள் இருக்கும். நிறங்கள், குறிப்பாக நீலம், பளிச்சென்று தெரியும். சொட்டு மருந்தை நான்கு முதல் ஆறு வாரம்வரை, குறைத்துக்கொண்டே விடச் சொல்வார்கள். கண் தெளிந்ததும் பாதியில் விட்டுவிடுவதுதான் பலர் செய்கிற தவறு. கையைச் சோப்பால் கழுவிவிட்டு, பாட்டிலின் நுனி இமையில் படாமல் விடுங்கள். கண்ணைக் கசக்கக் கூடாது. தலைக்குக் குளிப்பது, கனமான பொருளைத் தூக்குவது, அடுப்புப்புகை ஆகியவற்றை மருத்துவர் சொல்லும்வரை தவிர்க்கவேண்டும். கண்ணாடி தேவையென்றால் ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து எழுதித் தருவார்கள்.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்து மறுபடி மங்கினால், புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்று பதறவேண்டாம். விட்டுவைத்த பின்னுறை மங்கியிருக்கலாம். சில நிமிட லேசர் சிகிச்சையில் அது சரியாகும்.

இவ்வளவு பாதுகாப்பான சிகிச்சையிலும் அரிதாகக் கண்ணுக்குள் கிருமித்தொற்று வரலாம், விழித்திரை விலகலாம். ஆபரேஷனுக்குப் பின் வலி ஏறிக்கொண்டே போனாலும், கண் சிவந்து பார்வை குறைந்தாலும், மின்னல் வெட்டுவதுபோலவோ திரை இறங்குவதுபோலவோ தோன்றினாலும் மறுநாள்வரை பொறுக்காமல் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போங்கள்.