அப்பா ஸ்பீக்கரும் மாமா ஸ்பீக்கரும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் சேருமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி பக்கம் சொந்த வீட்டுக்கு வருகிறவர்கள் லாரியில் ஏற்றும் சாமான்களில் ஒன்று, அந்தக் காலத்து ஸ்டீரியோ செட். தூக்கிப் போடவும் மனசு வராது, வைக்கவும் இடம் இருக்காது. போதாக்குறைக்கு, மாமனார் வீட்டிலிருந்தோ பெரியப்பா வீட்டிலிருந்தோ இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வந்து சேரும். ஒன்று பிலிப்ஸ், இன்னொன்று சோனோடைன். அல்லது ஊர் ரேடியோ மெக்கானிக் தச்சரிடம் பெட்டி அடித்துப் பூட்டிக் கொடுத்த அசெம்பிள் ஸ்பீக்கர்.

உடனே யாருக்கும் தோன்றும் ஆசைதான்: 'ரெண்டு ஜோடியையும் சேர்த்து மாட்டினா சத்தம் சும்மா அதிருமே!'

அதிரலாம். ஆனால் கணக்குப் பார்க்காமல் மாட்டினால், 40 வருஷம் தாங்கிய ஆம்ப்ளிஃபயர் ஒரே சாயங்காலத்தில் புகைந்துவிடும். அதற்குள் இருக்கும் பழைய டிரான்சிஸ்டர்கள் பலவற்றை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினாலும் அசலா போலியா என்ற சந்தேகத்தோடுதான் வாங்க வேண்டும். அதனால் மாட்டுவதற்கு முன்பே பொருத்தம் பார்த்துவிடுவது நல்லது.

முதல் பொருத்தம்: ஓம்

ஸ்பீக்கர் பெட்டியின் பின்பக்கம் 8 ஓம், 4 ஓம் என்று எழுதியிருக்கும். மின்சாரம் பாய அது காட்டும் எதிர்ப்பு அது. எண் குறையக் குறைய ஆம்ப்ளிஃபயருக்கு வேலை கூடும். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாக மாட்டினால், ஆம்ப்ளிஃபயருக்கு அது 4 ஓம் சுமை. ஒன்று 8, ஒன்று 4 என்றால் ஏறக்குறைய 2.7 ஓம். இரண்டும் 4 என்றால் வெறும் 2 ஓம். வீட்டு ஆம்ப்ளிஃபயர்கள் பலவும் திணறுவது இங்கேதான்.

எழுத்து அழிந்துபோயிருந்தால் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 போலக் காட்டும். 4 ஓம் என்றால் 3-க்குக் கொஞ்சம் மேலே. குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், மீட்டர் கணக்கு அப்படித்தான்.

பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயர்களில் 'ஏ', 'பி', 'ஏ+பி' என்று ஸ்விட்ச் இருக்கும். அதன் பின்பக்கத்தைப் படித்தால், ஒரு ஜோடிக்கு 4 ஓம் போதும், இரண்டு ஜோடியும் ஓடினால் ஒவ்வொன்றும் 8 ஓமாவது இருக்க வேண்டும் என்கிற மாதிரி எழுதியிருக்கும். ஸ்விட்ச் இருக்கிறதே என்று எதை வேண்டுமானாலும் மாட்டக் கூடாது.

'அப்ப ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, சீரியல் செட் லைட்டு மாதிரி மாட்டலாமே?' என்று கேட்கலாம். 8-ம் 8-ம் சேர்ந்து 16 ஓம் ஆகும், ஆம்ப்ளிஃபயர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வேறு வேறு ஸ்பீக்கர் என்றால் இசைதான் கெடும். எந்த ஸ்பீக்கரும் எல்லா ஸ்வரத்துக்கும் ஒரே 8 ஓமாக நிற்பதில்லை, ஏறி இறங்கும். ஒன்று ஏறும்போது மற்றதன் பங்கு மாறும். மிருதங்கம் ஒரு பெட்டியில் தூக்கலாகவும் வயலின் இன்னொன்றில் அமுங்கியும் கேட்கும்.

இரண்டாவது: குரல் வளம்

ஒரே வால்யூமில் ஒரு ஸ்பீக்கர் கத்தும், இன்னொன்று முணுமுணுக்கும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் ஒன்று 86 டெசிபல், மற்றது 92 டெசிபல் என்றால் வித்தியாசம் 6 தானே என்று தோன்றும். அந்த 6-ஐ ஈடுகட்ட, மெல்லிய ஸ்பீக்கருக்கு 4 மடங்கு வாட்ஸ் வேண்டும். இதைச் சரிக்கட்டாமல் சேர்த்து வைத்தால், மெல்லியது இருப்பதே தெரியாது.

சேர்த்தால் குறைவதும் உண்டு

அமெரிக்காவில் 1970-களில் 'அட்வெண்ட்' ஸ்பீக்கர் வைத்திருந்தவர்கள் இன்னொரு ஜோடி வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார்கள். கீச்சுக்குரல் கொடுக்கும் ட்வீட்டர்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்படி. பெயர் பெற்ற வித்தை அது. நான்கும் ஒரே மாடல் என்பதால் எடுபட்டது.

வேறு வேறு பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் கதை வேறு. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை சுமார் 34 சென்டிமீட்டர். உங்கள் காதுக்கு ஒரு பெட்டி மற்றதைவிட 17 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், அதாவது ஒரு சாணுக்கும் குறைவு, அந்த ஒலி ஒன்றையொன்று அடித்துவிடும். பாடுகிறவரின் குரல் தெளிவு இருக்கும் இடமே அதுதான். ஸ்பீக்கர் நான்காகியும் பாட்டு மங்கிவிட்டதே என்று சிலர் புலம்புவது இதனால்தான். இடது பக்கம் அப்பா பெட்டி, வலது பக்கம் மாமா பெட்டி என்று ஜோடியைப் பிரிப்பது இதைவிட மோசம்.

மாட்டும் முன்

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் வளையத்தை விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். கடலூர் உப்புக்காற்றும் கோடை வெயிலும் சேர்ந்த ஊரில் அது பிஸ்கட் போல உதிரும். உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், வளையத்தை மட்டும் மாற்றலாம். துணி, ரப்பர் வளையம் என்றால் நெடுநாள் வரும்.

பிறகு 1.5 வோல்ட் பேட்டரியை ஒயரில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பெரிய கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். ஒன்று மாறினாலும் பேஸ் காணாமல் போகும். சிவப்பு முனையை மட்டும் நம்பாதீர்கள். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் சிவப்பில் பிளஸ் கொடுத்தால் கூம்பு உள்ளே போகும்!

இத்தனையும் பார்த்த பிறகும் இரண்டு ஜோடியும் பாட வேண்டுமென்றால், செலவு குறைந்த வழி இரண்டாவது ஜோடிக்குத் தனியாக ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர். பெரிய செட்டின் 'டேப் அவுட்' முனையிலிருந்து பாட்டை அதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஓம் கவலை கிடையாது, ஒவ்வொன்றுக்கும் தனி வால்யூம். அப்பா ஜோடி ஹாலில் இருக்கட்டும், மாமா ஜோடியைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள். ஹாலில் பாட்டு ஓடும்போது அடுப்படியில் பாதி மட்டும் காதில் விழுந்த அம்மாவுக்கு, இனி முழுப் பாட்டும் கேட்கும். ஒயர் பத்து மீட்டர் போகிறதென்றால் மெல்லிய ஒயர் வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே போதும்.