சீனத்தை இணைத்த எழுத்து

என் இளமையில், எங்கள் தோட்டத்திற்கு அருகிலிருந்த சிற்றூரில் இரு சீனர்கள் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்தனர். ஒருவர் ஹொக்கியன், மற்றவர் கண்டோனியர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது, மலாயில்தான் உரையாடுவர். ஆயினும் காலையில் ஒரே சீன நாளிதழை இருவரும் மாறி மாறிப் படிப்பர். பேச்சு விளங்காதவர்க்கு எழுத்து மட்டும் எப்படி விளங்குகிறது? அன்று எனக்கு எழுந்த இந்த ஐயத்தை இன்று என் மாணவர்களும் எழுப்புகின்றனர். விடை தேடப் புகுந்தால், சீனத்தின் மூவாயிரம் ஆண்டு வரலாறே நம் முன் விரிகின்றது.

விடையின் முற்பகுதி எளிது. 5 என்னும் இலக்கத்தைக் கண்டால் நாம் 'ஐந்து' என்கிறோம். மலாய்க்காரர் 'லீமா' என்கிறார். ஒலி வேறு, பொருள் ஒன்று. சீன எழுத்தில் ஒலிக்குறிப்பும் உண்டெனினும், அது நம் எழுத்தைப் போல் ஒலியை மட்டும் காட்டி நிற்பதன்று. சொல்லின் பொருளையும் சுட்டுவது. ஆனால், அத்துணைப் பரந்த நாட்டில் ஒரே எழுத்து நிலைபெற்றது எவ்வாறு? இதற்கு விடை கூற வேண்டியது வரலாறே.

எலும்பில் எழுதிய வினாக்கள்

சீன எழுத்தின் மிகப் பழைய சான்றுகள் ஷாங் மன்னர் காலத்தவை. ஆமையோட்டிலும் மாட்டின் தோள் எலும்பிலும் சூடேற்றி, அதில் தோன்றும் வெடிப்பைக் கொண்டு அவர்கள் குறி பார்த்தனர். மழை பெய்யுமா, விளைச்சல் தேறுமா, அரசிக்கு நலமாக மகப்பேறு ஆகுமா என்ற வினாக்களை அவ்வெலும்பிலேயே பொறித்தனர். இவை ஏறத்தாழ கி.மு. 1250 முதல் எழுதப்பட்டவை. பிற்காலத்தில் மண்ணிலிருந்து கிடைத்த இத்தகைய எலும்புகளை மக்கள் மருந்தாக அரைத்து உண்டனர். 1899-ஆம் ஆண்டில் வாங் யீரோங் என்னும் அறிஞர் அவற்றிலுள்ள கீறல்கள் பழைய எழுத்துகளே என உணர்ந்தார். 1928 முதல் ஆன்யாங் நகரருகே நடந்த அகழாய்வு ஷாங் தலைநகரை வெளிக்கொணர்ந்தது.

ஒன்றாக்கியவனும் எரித்தவனும்

ஷாங் அரசை வென்ற சௌ மரபினர் கி.மு. 256 வரை பெயரளவிலேனும் ஆண்டனர். ஆனால் அவர்தம் பிற்காலத்தில் நாடு பல அரசுகளாகப் பிரிந்து ஓயாது போரிட்டது. எழுத்தின் வடிவமும் அரசுக்கு அரசு வேறுபட்டது.

கி.மு. 221-இல் சின் நாட்டு மன்னன் ஏனைய அரசுகளை வென்று முதற் பேரரசன் ஆனான். நிறை, அளவு, நாணயம் ஆகியவற்றோடு எழுத்தையும் ஒரே முறையாக்கினான். அமைச்சர் லீ சு இதற்குத் துணைநின்றார். ஓர் ஆணையை எழுதினால் நாட்டின் எல்லா மூலையிலும் அது படிக்கப்படல் வேண்டும். பேரரசின் தேவை அதுவே. ஆனால் அதே மன்னன், கி.மு. 213-இல், தன் ஆட்சியைப் பழங்காலத்தோடு ஒப்பிட்டுக் குறை காண இடந்தரும் நூல்களை எரிக்கச் செய்தான். அவன் மறைந்த சில ஆண்டுகளில் சின் அரசு வீழ்ந்தது, எழுத்து வீழவில்லை.

தண்டனைக்கு அஞ்சாத வரலாற்றாசிரியர்

அடுத்து வந்த ஹான் மரபு, இடையில் சிறு முறிவுடன், கி.பி. 220 வரை நீடித்தது. பேரரசன் வூ காலத்தில் அரண்மனையில் பணியாற்றியவர் சிமா சியென். பகைவரிடம் சரணடைந்த தளபதி லீ லிங் என்பாருக்காகப் பரிந்து பேசினார். அதற்காக அவரது ஆண்மையை நீக்கும் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டது. அத்தகைய மானக்கேட்டினும் உயிர்விடுதலே மேல் என்பது அக்காலத்தார் எண்ணம். அவரோ தந்தை தொடங்கிய வரலாற்று நூலை முடிக்கவேண்டும் என்பதற்காகவே உயிர் தாங்கினார். 130 இயல்கள் கொண்ட அந்நூல் நிறைவெய்தியது.

நூல்கள் எரிக்கப்பட்ட செய்தியை நமக்குச் சொல்வது அந்நூலே. அதில் அவர் தந்த ஷாங் மன்னர் வரிசையைக் கற்பனை என ஐயுற்றோர் பலர். ஆன்யாங் எலும்புகளைப் படித்தபோது, அவ்வரிசை பெரும்பாலும் சரியே எனத் தெரிந்தது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் மண்ணே அவருக்குச் சான்று கூறியது!

அவருக்குப் பின், ஒவ்வொரு மரபும் தனக்கு முந்திய மரபின் வரலாற்றை எழுதுவது வழக்கமாயிற்று. சோழ நாட்டுத் தூதர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனம் சென்றதை நாம் அறிவதும் சொங் மரபின் பதிவுகளால்தான்.

தேர்வு தந்த ஒற்றுமை

சுயி மரபு (581–618) தொடங்கி, தாங், சொங் காலங்களில் வளர்ந்தது அரசுப் பணித் தேர்வு. ஹொக்கியர் வாழும் பூச்சியேன் மாநிலத்து இளைஞனும் கண்டோனியர் வாழும் குவாங்துங் மாநிலத்து இளைஞனும் ஒரே நூல்களை ஒரே எழுத்தில் கற்றனர். அவரவர் ஒலியிலேயே படித்தனர். மங்கோலியரும் மஞ்சுக்களும் நாட்டை வென்று ஆண்டபோதும் இவ்வெழுத்தை விலக்க இயலவில்லை.

குறையும் உண்டு. பெண்களுக்குத் தேர்வில் இடமில்லை. மகனைப் பல்லாண்டு படிக்க வைக்க ஏழைக் குடியானவனுக்கு வழியில்லை. பழைய நூல்களை மனப்பாடம் செய்வதே கல்வி என்ற நிலை, புதிய அறிவியலுக்கு வழிவிடத் தயங்கியது. தேர்வு முறை 1905-இல் ஒழிந்தது; 1912-இல் கடைசி மன்னன் முடிதுறந்தான். எழுத்து மட்டும் நின்றது.

ஆசிரியர்களாகிய நாம் சீன வரலாற்றைக் கற்பிக்கும்போது மரபுகளின் பெயர்களை மனனம் செய்விப்பதோடு நின்றுவிடுகிறோம். மாணவன் நன்கறிந்த அந்தக் கடைத்தெருவிலிருந்து தொடங்கினால் என்ன? எழுத்தை ஒன்றாக்கியது ஆட்சியின் வலிமை. அதை உண்மைக்குத் துணையாக்கியது ஓர் ஆசிரியரின் மனவலிமை. இவ்விரண்டையும் பிரித்தறியும் மாணவனே வரலாறு கற்றவன் ஆவான்.