பிக்கப்புக்கு ‘கோல்டு ஏர் இன்டேக்’ தேவையா? எண்ணூர் தூசியில ஓட்டுறவங்க முதல்ல இதைப் படிங்க!

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல ஒரு பிக்கப் ‘உஸ்ஸ்ஸ்’னு சத்தம் போட்டுக் கிளம்பினா, பக்கத்துல பைக்ல நிக்கிற தம்பி திரும்பிப் பார்க்காம இருக்க மாட்டார். அந்தச் சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பானெட்டுக்குள்ள புதுசா உட்கார்ந்திருக்கும் ஒரு பளபள குழாயும், கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும்தான். பெயர், கோல்டு ஏர் இன்டேக். ‘போட்டா பவர் கூடும், மைலேஜ் ஏறும்’ என்று ரீல்ஸ் சொல்கிறது. இசுஸூ வி-கிராஸ் வைத்திருப்பவர் முதல், காசிமேட்டில் மீன் ஏற்றும் தோஸ்த்தும் பொலிரோ பிக்கப்பும் ஓட்டுபவர் வரை பலருக்கும் ஆசை இருக்கு. காசை எடுத்து வைக்கும் முன்னாடி, அது என்ன வேலை செய்கிறது, நம்ம ஏரியாவுக்குச் சரிப்படுமா என்று பார்த்துவிடலாம்.

குளிர்ந்த காற்றுக்கு ஏன் மவுசு?

காற்று சூடானால் விரியும். அதே இடத்தில் ஆக்ஸிஜன் குறையும். 40 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால், 60 டிகிரி காற்றின் அடர்த்தி சுமார் 6 சதவிகிதம் குறைவு. அதனால் இன்ஜின் சூட்டில் வெந்த காற்றுக்குப் பதிலாக வெளிக்காற்றைக் கொடுத்தால் டீசல் நன்றாக எரியும். கோல்டு ஏர் இன்டேக்கின் மொத்தக் கதையும் இவ்வளவுதான்.

ஆனா, கம்பெனி மாட்டிக் கொடுத்த ஏர்பாக்ஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. இன்றைய பெரும்பாலான பிக்கப்களில் காற்று இழுக்கும் வாய், கிரில் பக்கத்திலோ ஃபெண்டர் பக்கத்திலோ இருக்கும். அதாவது உங்க வண்டியில ஏற்கெனவே ஒரு கோல்டு ஏர் இன்டேக் இருக்கு. சத்தம் மட்டும்தான் இல்லை.

டர்போ வந்தால் கணக்கே வேறு

டர்போ காற்றை அழுத்தும்போது அது கொதிக்கும். 40 டிகிரியில் உள்ளே போகும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டு போனால், வெளியே வரும்போது 130 டிகிரியைத் தாண்டலாம். அதைத் தணிக்கத்தான் இன்டர்கூலர். ஃபில்டர் பக்கத்தில் 10 டிகிரி குறைத்தாலும், டர்போவையும் இன்டர்கூலரையும் தாண்டி இன்ஜினுக்குள் போகும்போது மிஞ்சுவது தோராயமாக 4 டிகிரி வித்தியாசம்தான். அடர்த்தியில் அது 1 சதவிகிதத்தை ஒட்டி வரும்.

இன்னொரு விஷயம், டீசல் இன்ஜினில் பவரை முடிவு செய்வது காற்று அல்ல. எவ்வளவு டீசல் பாய்ச்சலாம் என்று ஈசியூ போடும் கணக்கு. டீசல் இன்ஜின் பொதுவாகவே தேவைக்கு அதிகமான காற்றோடுதான் ஓடும். வி-கிராஸின் 1.9 லிட்டர் இன்ஜின் 163 பிஎஸ், 360 என்எம் தரும் என்றால், அது ஈசியூ போட்ட எல்லை. வெறும் குழாயை மாற்றினால் அந்த எல்லை நகராது. ஆக்ஸிலரேட்டர் மிதித்ததும் டர்போ கொஞ்சம் சுறுசுறுப்பாக எழுவது போலத் தெரியலாம், சத்தம் கேட்கும். ரீமேப் இல்லாமல் அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

வடசென்னையின் தூசு

2,500 ஆர்பிஎம்மில் ஓடும் 1.9 லிட்டர் இன்ஜின், டர்போவே இல்லை என்று வைத்தாலும் நிமிடத்துக்குச் சுமார் 2,400 லிட்டர் காற்றை இழுக்கும். டர்போவோடு இன்னும் அதிகம். அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பதுதான் நம்ம ஏரியாவோட பிரச்னை.

ராயபுரம் வீடுகளில் நிலக்கரித் தூசு படிந்த காலத்தைப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று, அந்த வேலை எண்ணூர் துறைமுகத்துக்கு நகர்ந்தது. அங்கே அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பலும் சேர்ந்துகொண்டது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண், கடல் உப்புக்காற்று என்று எல்லாம் கலந்த காற்றைத்தான் நாமும் சுவாசிக்கிறோம், வண்டியும் சுவாசிக்கிறது.

டர்போவின் காற்று தள்ளும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் மோதும் ஒவ்வொரு மண் துகளும் பிளேடைத் தேய்க்கும். உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அரிக்கும். பொதுவாக, நுண்ணிய தூசியைப் பிடிப்பதில் கம்பெனி பேப்பர் ஃபில்டர் கில்லாடி. எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டர் காற்றைச் சுலபமாக விடும். அதே சுலபத்தில் கொஞ்சம் தூசியையும் விட்டுவிடலாம். எண்ணெயை அதிகமாகத் தடவினால், அது பறந்துபோய் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் படியும். அப்புறம் சென்சார் தப்புக் கணக்கு சொல்லும், ‘செக் இன்ஜின்’ லைட் எரியும்.

துறைமுக கேட் முன்னாடி மணிக்கணக்கில் நிற்கும்போது நிலைமை இன்னும் மோசம். தடுப்பு இல்லாமல் திறந்தபடி இருக்கும் கூம்பு ஃபில்டர், ரேடியேட்டர் சூட்டையே இழுக்கும். பேர்தான் கோல்டு ஏர்; இழுப்பதெல்லாம் அனல்!

மழை வந்தா?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மறக்க முடியுமா? சில கிட்களில் ஃபில்டர் பம்பருக்குப் பின்னால் தாழ்வாக உட்காரும். தேங்கிய தண்ணீரை அது இழுத்துவிட்டால், தண்ணீரை அழுத்த முடியாது என்பதால் கனெக்டிங் ராட் வளையும், இன்ஜின் காலி. ‘இன்ஜின் புரொடெக்ட்’ ஆட்-ஆன் எடுக்காத இன்ஷூரன்ஸில் இதற்குப் பணம் கிடைப்பது கஷ்டம். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கட்டி இழுத்துக்கொண்டு போவதுதான் வழி.

சட்டம் என்ன சொல்லுது?

கம்பெனி கொடுத்த, ஆர்சியில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏர் ஃபில்டர் ஆர்சியில் எழுதும் சமாச்சாரம் இல்லை. ஆனா ‘இன்டேக் போட்டாச்சு, அப்படியே ரீமேப்பும் பண்ணிடலாம், டிபிஎஃப்பையும் கழற்றிடலாம்’ என்று போனால் அது வேற லெவல் சிக்கல். விதிமீறிய மாற்றத்துக்கு, 182ஏ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். வாரன்ட்டியும் கேள்விக்குறி ஆகும். இஎம்ஐ ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாங்கும் முன் ஒரு டெஸ்ட்

ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை வண்டியில் சொருகி, மொபைல் ஆப்பில் ‘இன்டேக் ஏர் டெம்பரேச்சர்’ பாருங்க. சில வண்டிகளில் டர்போவுக்கு முன்னும் பின்னும் தனித்தனி சென்சார் இருக்கும். ஃபில்டர் பக்கம் இருப்பதன் அளவுதான் நமக்கு வேண்டும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு அது வெளி வெப்பநிலையைவிட 5 டிகிரிக்குள்தான் அதிகம் என்றால், கிட் வாங்கிக் குறைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வித்தியாசம் ரொம்ப அதிகமாக இருந்தால், முதலில் ஏர்பாக்ஸ் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, காற்றுக் குழாய் கழன்றிருக்கிறதா என்று பாருங்க. அதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது.

இல்ல பாஸ், போட்டே ஆகணும் என்பவர்களுக்கு

* உங்க மாடலுக்கென்றே செய்த, மூடிய பாக்ஸோ வெப்பத் தடுப்போ உள்ள கிட்டை மட்டும் வாங்குங்க. சென்சார் உட்காரும் இடம் கம்பெனிக் குழாயின் அதே அளவில் இருக்கணும்.
* இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பிங்க.
* சென்சாரை எடுக்கும்போது உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் தொடாதீங்க. திரும்ப மாட்டும்போது அம்புக்குறி, காற்று போகும் திசையைக் காட்டணும்.
* பழைய குழாயைக் கழற்றியதும் டர்போ வாயைச் சுத்தமான துணியால் மூடுங்க. ஒரு நட்டு உள்ளே விழுந்தால் டர்போ போச்சு. மூடியதைவிட, மறக்காமல் துணியை எடுப்பது முக்கியம்!
* பிரீதர் ஹோஸை மறக்காம மாட்டி, எல்லா க்ளாம்ப்பையும் இறுக்குங்க. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தாலும், ஃபில்டரைத் தாண்டித் தூசு நேரே உள்ளே போகும்.
* 100 கிலோமீட்டர் ஓட்டியதும் க்ளாம்ப்களை மறுபடியும் சரிபாருங்க.
* கம்பெனி ஏர்பாக்ஸைத் தூக்கிப் போடாதீங்க. சர்வீஸுக்கும் விற்பனைக்கும் தேவைப்படும்.

எண்ணூர், திருவொற்றியூர் ரூட்டில் தினமும் லோடு அடிக்கும் வண்டிக்கு ஒரே வரி யோசனை: கம்பெனி பேப்பர் ஃபில்டரை, மேனுவலில் தூசுப் பகுதிகளுக்குச் சொன்ன கணக்குப்படி சீக்கிரமே மாற்றுங்க. அடைத்த ஃபில்டரைக் கழற்றிப் புதுசு போட்ட அன்று கிடைக்கும் ‘இழுவை’, பல இன்டேக் கிட் கொடுப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். மிச்சமாகும் பணத்தில் ரெண்டு மாச டீசல் செலவைக் கொஞ்சம் சமாளிக்கலாம்.