ஒரு தாய்க்கு இன்னொரு தாய் சொல்லும் ஆலோசனை



எங்கள் மருத்துவமனையின் ஆண்டறிக்கையைக் கவனமாக வாசிக்கும் நண்பர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் சர்க்கரை வியாதிக்கான செலவுக் கணக்கில் இன்சுலின், சிரிஞ்சு, ஸ்ட்ரிப் ஆகியவற்றோடு, "பெற்றோர் கூட்டம்: பஸ் கட்டணம், மதிய உணவு" என்றும் ஒரு வரி இருக்கிறது. மருந்துக்கென்று கொடுத்த காணிக்கையைப் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஏன் செலவிட வேண்டும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உங்கள் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. ஆகவே இந்த இதழில் அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் விளக்கமாக எழுதுகிறோம்.

இது எந்த வியாதி?

சர்க்கரை வியாதி என்றவுடன் நாற்பது, ஐம்பது வயதில் வருவதும், மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி என்று சமாளிப்பதுமான வியாதியே நம் நினைவுக்கு வருகிறது. சிறு பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் அது அல்ல. டாக்டர்கள் அதை முதல் வகை சர்க்கரை வியாதி என்கிறார்கள். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் உண்ட உணவு இரத்தத்தில் சர்க்கரையாகத் தேங்குமே தவிர, உடலுக்குப் பயன்படாது. மாத்திரையால் இதைச் சரிக்கட்ட முடியாது. வாழ்நாள் முழுவதும் தினந்தோறும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும்.

இனிப்பு அதிகம் தின்றதால் இது வருவதில்லை. தாயின் கவனக்குறைவால் வருவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதும் இல்லை. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தீராத தாகம் எடுத்தால், அடிக்கடி சிறுநீர் போனால், படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோன பிள்ளை மறுபடியும் நனைத்தால், உடம்பு இளைத்துக்கொண்டே போனால், நாளைக்கு என்று தள்ளிவைக்காமல் அன்றைக்கே சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். வாந்தியும் வயிற்றுவலியும் மேல்மூச்சு வாங்குதலும் சேர்ந்துவிட்டால் அது உயிருக்கே ஆபத்தான நிலை.

மருந்து கிடைத்த பின்னும் ஒரு குறை

நூறு ஆண்டுகளுக்கு முன்னே இந்த வியாதி வந்த பிள்ளைகள் பிழைப்பதில்லை. பட்டினி போடுவதைப் போன்ற உணவுக் கட்டுப்பாட்டினால் சில மாதங்களோ ஓரிரு வருடங்களோ உயிரை நீட்டித்தார்கள். 1921-ல் கனடா நாட்டின் டொரண்டோ நகரத்தில் பாண்டிங், பெஸ்ட் என்ற இருவர் இன்சுலினைப் பிரித்தெடுக்கும் முயற்சியில் வெற்றி கண்டார்கள். 1922 ஜனவரியில் லெனர்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது.

அந்த நாட்களில் லண்டனில் ராபர்ட் லாரன்ஸ் என்ற இளம் டாக்டருக்கே இந்த வியாதி இருந்தது. பிழைக்கமாட்டோம் என்று தீர்மானித்து, மீதி நாட்களைக் கழிக்க இத்தாலி தேசத்துக்குப் போயிருந்தார். 1923-ல் இன்சுலின் வந்துவிட்டது, உடனே திரும்பி வரவும் என்று லண்டனிலிருந்து செய்தி போயிற்று. வந்து ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தார். 1968 வரை வாழ்ந்து, இந்த வியாதிக்கே பெரிய நிபுணரானார். அவரும், சர்க்கரை வியாதியஸ்தரான பிரபல எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸும் சேர்ந்து 1934-ல் பிரிட்டனில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். வியாதியஸ்தர்கள் ஒருவருக்கொருவர் உதவி செய்துகொள்வது அதன் நோக்கங்களில் ஒன்று.

இன்சுலின் கிடைத்துப் பத்து வருடங்களுக்கு மேலாகியும், ஊசியோடு வாழ்கிறவர்களுக்கு ஊசி மாத்திரம் போதவில்லை என்பதை, டாக்டரும் வியாதியஸ்தருமாகிய அந்த மனிதர் தம் அனுபவத்தில் அறிந்திருந்தார். எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கும் அதுவே காரணம்.

டாக்டர் இல்லாத நேரங்கள்

ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று ஊசி என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1095 ஊசிகள். அவற்றில் எங்கள் நர்ஸ் கையால் போடுவது மிகக் கொஞ்சம். மற்றவை எல்லாம் வீட்டில் தாயோ தகப்பனோ பாட்டியோ, கொஞ்சம் வளர்ந்தபின் பிள்ளை தானோ போட்டுக்கொள்வது. மாதம் ஒருமுறை டாக்டரம்மாவோடு இருக்கும் கால் மணி நேரத்தில் எவ்வளவுதான் கற்றுக்கொள்ள முடியும்? வீட்டுக்குப் போன பிறகுதான் கேள்விகள் எழும்புகின்றன. ஊசி போட்ட பிறகு பிள்ளை சாப்பிட மறுத்தால் என்ன செய்வது? வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையே, மருந்தை எங்கே வைப்பது? பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள்? இவற்றுக்கு ஏற்கெனவே விடை கண்டுபிடித்து வைத்திருக்கிறவர்கள் மற்றப் பெற்றோர்களே.

ஆகவே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, டாக்டரைப் பார்க்க வரும் அதே நாளில், எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்கிறோம். அங்கே பேசப்படுகிறவற்றில் சிலவற்றைச் சொல்கிறோம்.

பானையும் மணலும்: திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். திறந்த பாட்டிலை அதிக வெப்பம் படாமல் வைத்தால் ஏறக்குறைய நான்கு வாரம் உபயோகிக்கலாம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒரு பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையிலே மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைக்கிறார்கள். இன்சுலினைத் தண்ணீர் புகாத டப்பாவில் மூடி உள்ளே வைக்கிறார்கள். பானையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இருக்கிறவர்களுக்கும் ஒரு எச்சரிப்பு உண்டு: ஐஸ் உறையும் தட்டில் வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் உதவாது.

சிரிஞ்சின் மூடி: நம் நாட்டில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடியுள்ள 40 யூனிட் சிரிஞ்சு வேண்டும். கடைக்காரர் தெரியாமல் ஆரஞ்சு மூடியுள்ள 100 யூனிட் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 10 யூனிட் என்று நினைத்துப் போடுவது 4 யூனிட்தான். மருந்து போட்டும் சர்க்கரை ஏன் குறையவில்லை என்று பெற்றோர் தவித்துப்போவார்கள். எதிர்மாறாக, 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும். அது அதைவிட ஆபத்து. "மூடியைப் பாருங்க, பாட்டில்ல போட்டிருக்கிற நம்பரையும் பாருங்க" என்று பழைய தாய்மார் புதிதாக வருகிறவர்களிடம் வீட்டுப்பாடம் போலச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

தலையணைக்குக் கீழே சீனி: இன்சுலின் அதிகமானாலோ சாப்பாடு தாமதமானாலோ சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், பசி, காரணமில்லாத கோபம், தடுமாற்றம் ஆகியவை அடையாளங்கள். உடனே மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அளவு குறைவு, அதை டாக்டர் எழுதித் தருவார். சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை தாமதமாகவே ஏறும். நினைவு தப்பிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். சீனிப் பொட்டலத்தைப் பள்ளிப் பையிலும், அப்பாவின் சைக்கிள் பெட்டியிலும், தலையணைக்குக் கீழேயும் வைப்பது ஒரு கட்டிடத் தொழிலாளியின் யோசனை. இப்போது எங்களிடம் வரும் குடும்பங்களில் பலர் அப்படியே செய்கிறார்கள்.

பள்ளிக்கூடம்: சி.பி.எஸ்.இ. நிர்வாகம் 2017-ல், பொதுத் தேர்வு எழுதும் சர்க்கரை வியாதியுள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரையும் பழமும் தண்ணீரும் கொண்டுபோக அனுமதித்தது. அந்தச் செய்தித்தாள் நறுக்கை ஒரு தகப்பனார் பத்திரமாக வைத்திருக்கிறார். வேறு பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் அதன் பிரதியை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரைப் போய்ப் பார்க்கிறார்கள்.

ஆலோசனைக்கும் எல்லை உண்டு

பெற்றோர் பேசிக்கொள்வதில் ஆபத்தும் இருக்கலாம் என்பதால் சில ஒழுங்குகளை வைத்திருக்கிறோம். ஒரு பிள்ளைக்கு எழுதிய மருந்தளவை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லக்கூடாது. அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் பொறுப்பு. கூட்டத்தில் எப்போதும் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருப்பார், தவறான தகவல் வந்தால் அங்கேயே திருத்துவார். யாரும் லேகியமோ பொடியோ விற்கக்கூடாது. ஒரு வீட்டின் கஷ்டத்தை அடுத்த ஊரில் போய்ச் சொல்லக்கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலான ஒழுங்கு ஒன்று உண்டு. யார் சொன்னாலும் இன்சுலினை நிறுத்தக்கூடாது. காய்ச்சலோ வாந்தியோ வந்து பிள்ளை சாப்பிடாத நாளிலும் நிறுத்தக்கூடாது. உடனே எங்களைக் கூப்பிட்டு அளவைக் கேட்க வேண்டும். முதல் வகை வியாதியில் ஊசியை அடியோடு நிறுத்தினால் சில நாட்களுக்குள், சில வேளை ஓரிரு நாட்களிலேயே, பிள்ளை மரிக்க நேரிடும்.

சபையாராகிய உங்களிடம் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மூலிகை வைத்தியம் என்று சொல்லி நிறுத்தச் சொல்கிறவர்கள் உண்டு. ஜெபித்தாயிற்று, விசுவாசம் இருந்தால் ஊசி எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. நாங்கள் ஜெபத்தை நம்புகிறவர்கள், ஒவ்வொரு படுக்கையண்டையிலும் ஜெபிக்கிறவர்கள். ஊசியைப் போட்டுவிட்டு ஜெபியுங்கள் என்றே பெற்றோருக்குச் சொல்கிறோம். இன்சுலினும் தேவன் கொடுத்த நன்மைகளில் ஒன்றே.

இன்னொரு பாரமும் பெற்றோரின் நெஞ்சில் இருக்கிறது. நாங்கள் செய்த பாவமா ஐயா என்று மெல்லக் கேட்பார்கள். யோவான் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது, ஆண்டவர் அவனையும் குற்றப்படுத்தவில்லை, அவனைப் பெற்றவர்களையும் குற்றப்படுத்தவில்லை. இதை நாங்கள் எடுத்துச் சொல்கிறோம், அவர்களும் தலையசைக்கிறார்கள். ஆனால் அதே வழியில் நடந்து வந்த இன்னொரு தாய் பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் இப்படித்தான் அழுதேன்மா, நம்ம மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லும்போதுதான் அவர்கள் முகம் தெளிகிறது.

சில மாதங்களுக்கு முன் ஏழு வயது மகனோடு ஒரு தாய் புதிதாக வந்தார். சாப்பாட்டு நேரத்தில் பக்கத்திலிருந்த பெண்மணியிடம், "இவன் பெரியவனாகுறதை நான் பார்ப்பேனா அக்கா?" என்று கேட்டார். அந்த அக்கா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ப் பந்தியில் சாம்பார் சாதம் பரிமாறிக்கொண்டிருந்த தன் மகளைக் காட்டினார். ஒன்பது வயதில் வியாதி கண்ட அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். அந்தத் தாயை அதற்குப் பிறகு ஒரு கூட்டத்திலும் தவறாமல் பார்க்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. வாங்கிக்கொள்ளும்படி எங்கள் குடும்பங்களை நாங்களே அனுப்புகிறோம். ஆனால் கூலி வேலை செய்கிற ஒரு தகப்பன் ஒரு நாள் சம்பளத்தை விட்டு, இரண்டு பஸ் மாறிப் பிள்ளையோடு எங்களிடம் வரவேண்டுமானால் பஸ் கட்டணம் தடையாக நிற்கிறது. தூரத்துக் குடும்பங்களே முதலில் நின்றுபோகின்றன. அங்கேதான் ஊசியை நிறுத்தச் சொல்லும் குரல்களும் பலமாகக் கேட்கின்றன. நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய பிள்ளைகளைப் பசியோடு உட்கார வைக்கவும் முடியாது. ஆகவே பஸ் கட்டணமும் சாப்பாடும் மருந்துச் செலவின் ஒரு பகுதி என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

பணம் தவிர வேறு உதவிகளும் உங்களிடம் உண்டு. ஓய்வுநாள் பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் இப்படிப்பட்ட பிள்ளை இருந்தால், ஆசிரியர் கையில் கொஞ்சம் சீனி இருக்கட்டும். சாப்பாட்டு நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சபை அசனத்தில் அந்தப் பிள்ளையின் இலையைப் பார்த்து, எல்லார் முன்னிலையிலும், "இது நீ சாப்பிடலாமா?" என்று கேட்காதீர்கள். வியாதியுள்ள பெண்பிள்ளைக்கு வரன் பேசும்போது பின்னால் நின்று முணுமுணுக்காதீர்கள். சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்து, மருத்துவர் கண்காணிப்பில் இருக்கும் பெண்கள் மணம்முடித்துப் பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். உங்கள் ஊரில் இந்த வியாதியோடு தனித்துப் போராடும் குடும்பத்தை அறிந்தால், இரண்டாம் சனிக்கிழமை எங்களிடம் அனுப்பிவையுங்கள். அவர்களுக்காகப் பக்கத்தில் ஒரு பாயை விரித்து உட்கார வைக்க, அதே வழியில் நடந்த தாய்மாரும் தகப்பன்மாரும் இங்கே இருக்கிறார்கள்.