இரு பாஷைக்கு ஒரு முத்திரை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் உயர்தரப் பாடசாலைப் படிப்பை முடித்து வெளியேறும் மாணவர்களுள் சிலருடைய தேர்ச்சிப் பத்திரத்தில் பொன்னிறமான சிறு முத்திரையொன்று பதிந்திருப்பதைக் காணலாம். இங்கிலீஷிலும் அதனோடு வேறொரு பாஷையிலும் படிக்கவும், எழுதவும், பேசவும் வல்லவர் இம் மாணவர் என்று சர்க்காரே அளிக்கும் அத்தாட்சி அது. முதன்முதலில் இதைச் சட்டமாக்கிய மாகாணம் காலிபோர்னியா. 'காலிபோர்னியன்ஸ் டுகெதர்' என்னும் சங்கத்தார் 2008-ஆம் ஆண்டு முதல் இதற்காக முயன்றனர். 2011 அக்டோபரில் கவர்னர் ஜெர்ரி பிரௌன் மசோதாவில் கையெழுத்திட, 2012 முதல் முத்திரை வழங்கலாயிற்று. அவ்வாண்டே நியூயார்க் மாகாணமும் பின்தொடர்ந்தது. இன்று அந்நாட்டின் ஏறத்தாழ எல்லா மாகாணங்களும் இவ் வழக்கத்தை மேற்கொண்டுவிட்டன.

ஒரு காகித முத்திரையைக் குறித்துப் பத்திரிகையில் இவ்வளவு எழுதவேண்டுமா என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். அம் முத்திரை எந்த மண்ணில் முளைத்தது என்பதை அறிந்தால் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

காலிபோர்னியா மெக்ஸிகோவிடமிருந்து 1848-இல் அமெரிக்கர் கைக்கு வந்த நாடு. மறு ஆண்டில் அங்கே வகுக்கப்பட்ட அரசியல் சாஸனம், சட்டங்களை இங்கிலீஷ், ஸ்பானிஷ் ஆகிய இரு பாஷைகளிலும் பிரசுரிக்கவேண்டுமென்று விதித்தது. முப்பது ஆண்டுகள் சென்று 1879-இல் புதிய சாஸனம் வந்தபோது அவ்விதி மறைந்துபோயிற்று. 1986-இல் இங்கிலீஷே மாகாணத்தின் அரசாங்க பாஷை என்று சர்வஜன வாக்கினால் தீர்மானித்தார்கள். வாக்களித்தவர்களுள் நூற்றுக்கு 73 பேர் அதை ஆதரித்தனர். 1998-இல் 227-ஆவது தீர்மானம் வந்தது. வீட்டில் வேறு பாஷை பேசும் குழந்தைகளுக்கு அவர்கள் பாஷையையும் கலந்து கற்பிக்கும் முறையைப் பள்ளிக்கூடங்களிலிருந்து பெரும்பாலும் ஒழித்து, இங்கிலீஷ் ஒன்றிலேயே கற்பிக்கச் செய்தது அது. அதற்கும் நூற்றுக்கு 61 பேர் வாக்களித்தார்கள்.

முத்திரைச் சட்டம் நிறைவேறியபோது இந்தத் தடை நீங்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். தாய்பாஷையைக் கீழ் வகுப்பில் ஒதுக்கிய அதே மாகாணம், அதே பாஷையை மேல் வகுப்பு முடிவில் பொன் முத்திரையிட்டுப் பாராட்டிற்று! இவ் விசித்திரம் 2016 நவம்பர் வரை நீடித்தது. அம் மாதத்தில் 58-ஆவது தீர்மானம் வாக்குக்கு வந்து பழைய தடையை நீக்கிற்று. அதை ஆதரித்தவர்களும் நூற்றுக்கு 73 பேரே. முப்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலீஷை அரசாங்க பாஷையாக்கிய அதே விகிதம். ஜனங்களின் மனம் மாறாதென்று சோர்வுறும் தேசபக்தர்கள் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அந்நாட்டில் பிற பாஷைகளை நடத்திய விதம் இதனினும் கொடிதாயிருந்த காலமும் உண்டு. முதல் ஐரோப்பிய மகாயுத்தம் முடிந்த சமயத்தில், நெப்ராஸ்கா மாகாணத்தில் எட்டாம் வகுப்பு முடிக்காத குழந்தைகளுக்கு அந்நிய பாஷை கற்பிப்பது குற்றமென்று 1919-இல் சட்டம் செய்தார்கள். ராபர்ட் மேயர் என்ற உபாத்தியாயர் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் பாஷையில் பாடம் சொல்லிக்கொடுத்தார். அதற்காக அவருக்கு 25 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவர் விடவில்லை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 1923-இல் அக் கோர்ட்டார் அச்சட்டம் செல்லாதென்று தீர்ப்பளித்தனர்.

பூர்வகுடிகளின் குழந்தைகளுக்கோ வழக்காடவும் நாதியில்லை. 1879-இல் பென்ஸில்வேனியாவில் ஏற்பட்ட கார்லைல் பாடசாலையைப் பின்பற்றி எத்தனையோ விடுதிப் பள்ளிகள் தோன்றின. அவற்றில் தம் பாஷையில் ஒரு வார்த்தை பேசிய பாலகர்களைத் தண்டித்தார்கள். சிலருடைய வாயைச் சோப்பிட்டுக் கழுவினார்கள். இவ்வாறு இழிவுபடுத்தப்பட்ட பாஷைகளுள் ஒன்று நவஹோ. 1942-இல் ஜப்பானியருடன் யுத்தம் நடக்கையில், எதிரிக்கு விளங்காத ரகசியச் சங்கேதம் வேண்டியிருந்தது. உடனே அந்த நவஹோ பாஷையை நாடினார்கள். அவ்வின வாலிபர் 29 பேரைப் படையிற் சேர்த்துச் சங்கேதத்தை வகுக்கச் செய்தார்கள். எதிரிகளால் அதைக் கடைசிவரை அவிழ்க்க முடியவில்லை. சோப்பிட்டுக் கழுவிய வாயின் உதவியே போர்க்களத்தில் தேவையாயிற்று. இப்பொழுது நியூ மெக்ஸிகோ மாகாணத்தில் பூர்வகுடிகளின் பாஷையில் தேர்ச்சி பெற்ற மாணவனுக்கு அக் குடியினரே அத்தாட்சி அளித்து முத்திரை பெற்றுத்தர வழியுண்டு. இம் முத்திரையின் சரித்திரத்தில் நம் மனத்துக்கு மிகவும் உவந்த பகுதி இதுவே.

காலிபோர்னியாவில் முத்திரை பெறும் முறை கடினமானதல்ல, அற்பமானதுமல்ல. இங்கிலீஷில் தேர்ச்சி காட்டவேண்டும். மற்றப் பாஷைக்கு அங்கீகரிக்கப்பட்ட பரீட்சை ஒன்றில் குறித்த மதிப்பெண் பெறவேண்டும். அல்லது நான்கு ஆண்டுகள் அப்பாஷையைப் பள்ளியில் நன்கு படித்து, பேச்சிலும் திறமை காட்டவேண்டும். எழுத்தில்லாத பாஷைக்கும், செவிடர்களின் சைகை பாஷைக்கும் இடமளித்திருப்பது சட்டம் செய்தோரின் விரிந்த மனத்தைக் காட்டுகிறது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாதிருக்க முடியாது. சட்டம் பிறந்தபோது, வீட்டில் இங்கிலீஷ் பேசாத மாணவனுக்கு மட்டும் மற்றவர்களுக்கில்லாத இங்கிலீஷ்ப் பரீட்சை ஒன்றைக் கூடுதலாக வைத்தார்கள். செல்வர் வீட்டுப் பிள்ளை பள்ளியில் நான்கு வருஷம் பிரெஞ்சு படித்தால் அது சாமர்த்தியம். தோட்டக்கூலியின் மகள் தாயிடம் கற்ற ஸ்பானிஷோடு இங்கிலீஷையும் கற்றுக்கொண்டால் அவளை மறுபடியும் சோதிக்கவேண்டும்! 2023-இல் நிறைவேறிய ஒரு சட்டம் இங்கிலீஷ்த் திறமையை மெய்ப்பிக்கும் வழிகளை விரிவாக்கியது. அது நல்லதே. ஆனால் முத்திரைத் திட்டத்திற் சேர்வது அந்தந்தக் கல்வி ஜில்லாவின் இஷ்டம். ஏழை மாணவர் மிகுந்த பள்ளிகளைவிட வசதியுள்ளோர் பள்ளிகளே இதில் அதிகமாகச் சேர்ந்திருந்ததை ஆராய்ச்சியாளர் சிலர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அம் மாகாணப் பள்ளிகளில் இங்கிலீஷை இன்னும் கற்றுக்கொண்டிருப்போர் என்று கணக்கிடப்பட்ட மாணவர் சுமார் 10 லட்சம் பேர். யாருக்காக முத்திரை முதலில் கோரப்பட்டதோ, அவர்கள் இவர்களே.

நம்மவர் குழந்தைகளுக்கும் இதில் பங்குண்டு. அங்கு குடியேறிய தமிழர்கள் சனி, ஞாயிறுகளில் தாமே தமிழ்ப் பள்ளிகளை நடத்திவருகிறார்கள். உபாத்தியாயர்களிற் பெரும்பாலோர் பெற்றோர்களே. காலிபோர்னியா தமிழ்க் கழகம் தோன்றியது 1998-ஆம் ஆண்டு, அதாவது 227-ஆவது தீர்மானம் நிறைவேறிய அதே வருஷத்தில். கல்லூரிப் படிப்புக்கு முன்னோடியாக அந்நாடெங்கும் நடக்கும் ஏ.பி. பரீட்சையில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலி, சீனம், ஜப்பான், லத்தீன் பாஷைகள் உண்டு, தமிழ் இல்லை. ஆதலால் தமிழ் மாணவன் தமிழுக்கென்று ஏற்பட்டுள்ள வேறு தனிப் பரீட்சைகளை எழுதியே முத்திரை பெறவேண்டும். அவற்றை ஜில்லா அதிகாரிகள் ஏற்கவும் வேண்டும்.

அங்கே வளரும் தமிழ்க் குழந்தை தாயின் பேச்சைப் புரிந்துகொள்ளும்; பதிலை இங்கிலீஷில் சொல்லும். எழுத்து அறியாது. பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியாது. வாரத்தில் இரண்டு மணி நேரப் படிப்பு இதை முற்றிலும் மாற்றிவிடாது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளை, "இந்தத் தமிழால் எனக்கு என்ன லாபம்?" என்று கேட்கும்போது தகப்பனார் திகைத்து நிற்கவேண்டியதில்லை. பாடசாலையும் சர்க்காரும் அதை மதிக்கின்றன என்று காட்ட ஓர் அடையாளமாவது இருக்கிறது. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியிற் கடைசி வகுப்பு வரை நிறுத்திவைப்பது எவ்வளவு கஷ்டமென்பதை அங்குள்ள பெற்றோர் அறிவார்கள்.

முத்திரையால் சம்பளம் உயருமா என்று கேட்பவர்களும் உளர். மின்னஸோட்டா மாகாணத்தில் 2014-இல் செய்த சட்டத்தின்படி, முத்திரை பெற்றவனுக்கு மாகாணக் கல்லூரிகள் பாஷைப் பாடத்தில் மதிப்புப் புள்ளிகளை அளிக்கின்றன. அவன் அந்த அளவுக்குக் கல்லூரியிற் காலமும் பணமும் மிச்சப்படுத்தலாம். மற்ற மாகாணங்களும் இதைப் பின்பற்றலாகாதா?

2025 மார்ச்சு முதல் தேதியன்று ஜனாதிபதி டிரம்ப் இங்கிலீஷே அமெரிக்காவின் அரசாங்க பாஷை என்று உத்தரவு பிறப்பித்தார். தேசம் முழுவதற்கும் அவ்வாறு விதிப்பது இதுவே முதல் தடவை. முத்திரைச் சட்டங்கள் மாகாணங்களுடையவை. ஆதலால் இவ்வுத்தரவு அவற்றைத் தொடவில்லை. ஆனால் காற்று எத்திசையில் வீசுகிறதென்பதை ஜில்லா அதிகாரிகள் பார்த்துக்கொண்டேயிருப்பார்கள். இஷ்டமிருந்தால் வழங்கலாம் என்று சட்டம் விட்டுவைத்திருக்கும் ஒன்றை, காற்று மாறினால் சந்தடியின்றிக் கைவிட்டுவிடவும் முடியும். காலிபோர்னியாச் சட்டசபையார் இதை எல்லா ஜில்லாக்களுக்கும் கட்டாயமாக்கவேண்டும். சட்டம் வரும்வரை அங்குள்ள தமிழ்ப் பெற்றோர், தம் பிள்ளை கடைசி வகுப்புக்கு வரும்வரை காத்திராமல் ஒன்பதாம் வகுப்பிலேயே ஜில்லா அதிகாரிகளைக் கண்டு, தமிழ்ப் பரீட்சையை ஏற்பீர்களா என்று எழுத்து மூலம் பதில் வாங்கிக்கொள்வார்களாக.