நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் பாதுகாப்பான சாலை வடிவமைப்பு

நடப்போருக்கும் மிதிவண்டியோருக்கும் பாதுகாப்பான சாலை வடிவமைப்பு என்பது, மோட்டார் வாகனங்களின் ஓட்டத்தை மட்டும் கருதாமல், கால்நடையாகவும் மிதிவண்டியிலும் செல்வோரின் உயிரை முதன்மையாகக் கொண்டு சாலைகளைத் திட்டமிடும் முறை ஆகும். நடைபாதை, மிதிவண்டித் தடம், கடக்குமிடம், வேகத்தைக் குறைக்கும் அமைப்புகள், தெருவிளக்கு ஆகியன இதன் முக்கியக் கூறுகள். மனிதர் தவறு செய்வது இயல்பு. அத்தவறு உயிரிழப்பில் முடியாதவாறு சாலை அமைய வேண்டும் என்பதே இதன் அடிப்படைக் கருத்து. சுவீடன் நாடாளுமன்றம் 1997 இல் இக்கருத்தைத் தன் சாலைப் பாதுகாப்புக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது.

பின்னணி

இந்திய நடுவண் அரசின் புள்ளிவிவரப்படி, 2022 ஆம் ஆண்டில் நாட்டில் 1,68,491 பேர் சாலை விபத்துகளில் இறந்தனர். இவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். 4,836 பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 100 பேருக்கு மேல் இவ்வாறு இறந்தனர். அதே ஆண்டில் இந்திய மாநிலங்களுள் மிகுதியான சாலை விபத்துகள் தமிழ்நாட்டில் பதிவாயின.

தமிழ்நாட்டில் நடையும் மிதிவண்டியும் ஏழை எளியோரின் அன்றாடப் போக்குவரத்து. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் வழியாக ஏராளமான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். 2001-2002 ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. பின்னர் அது அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயிலும் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியருக்கு விரிவாக்கப்பட்டது. ஆயினும், மிதிவண்டியைப் பெற்ற மாணவர் அதனை ஓட்டிச் செல்லத் தனித் தடம் பெரும்பாலான சாலைகளில் அமைக்கப்படவில்லை. சரக்குந்தும் பேருந்தும் செல்லும் சாலையின் ஓரத்திலேயே அவர்கள் பள்ளிக்குச் செல்ல வேண்டியுள்ளது.

வேகத்தின் பங்கு

ஓடும் வாகனத்தின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. அதாவது, வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். வாகனம் நிற்பதற்குத் தேவையான தொலைவும் வேகத்துடன் கூடுகிறது. ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து தடையை அழுத்த ஒரு நொடி ஆகும் எனவும், உலர்ந்த சாலையில் நொடிக்கு நொடி 7 மீட்டர் வீதம் வேகம் குறையும் எனவும் கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஏறத்தாழ 13 மீட்டரில் நின்றுவிடும். 60 கி.மீ. வேகத்தில் அதற்கு 36 மீட்டருக்கு மேல் தேவைப்படும். 20 மீட்டர் தொலைவில் ஒரு குழந்தை சாலையில் இறங்கினால், முதல் வாகனம் குழந்தையை எட்டும் முன்னரே நின்றுவிடும். இரண்டாவது வாகனமோ வேகம் சிறிதே குறைந்த நிலையில் மோதும். குடியிருப்பு, பள்ளி, சந்தை ஆகியவை உள்ள இடங்களில் 30 கி.மீ. வேக வரம்பை உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

வடிவமைப்புக் கூறுகள்

அறிவிப்புப் பலகை மட்டும் வேகத்தைக் குறைப்பதில்லை. அகலமான, நேரான சாலை விரைவாக ஓட்டத் தூண்டுகிறது. ஆகவே பின்வரும் அமைப்புகள் பயன்படுத்தப்படுகின்றன.

நடைபாதை: இந்தியச் சாலைகள் காங்கிரசு 2012 இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, நடைபாதையில் தடையின்றி நடக்கக்கூடிய அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும். விளிம்புக் கல்லின் உயரம் 150 மில்லி மீட்டரைத் தாண்டக் கூடாது. விளிம்பு உயரமாயின் முதியோரும் சக்கர நாற்காலியில் செல்வோரும் ஏற இயலாமல் சாலையிலேயே செல்வர்.

மேடைக் கடவை: கடக்குமிடம் நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தப்படுகிறது. இது வேகத்தடையாகவும் செயல்படும்.

நடுத்திட்டு: அகலமான சாலையை ஒரே வீச்சில் கடக்காமல், பாதி கடந்து பாதுகாப்பாக நின்று, பின் மீதியைக் கடக்க உதவுகிறது.

மிதிவண்டித் தடம்: வேகம் மிகுந்த சாலைகளில் தடுப்பால் பிரிக்கப்பட்ட தனித் தடம் தேவை. வெறும் வண்ணக் கோடு வாகன நிறுத்தமாக மாறிவிடுவது வழக்கம். வேகம் குறைந்த தெருக்களில் தனித் தடம் இன்றியமையாதது அன்று.

பிற நாடுகளில்

மிதிவண்டி நாடு எனப் பெயர்பெற்ற நெதர்லாந்தின் சாலைகளும் ஒரு காலத்தில் ஆபத்தானவையாகவே இருந்தன. 1971 இல் அங்குச் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். இதனை எதிர்த்துப் பெற்றோர்கள் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்னும் பொருள்படும் பெயரில் இயக்கம் நடத்தினர். 1973 எண்ணெய் நெருக்கடியும் துணைசெய்ய, தனித் தடங்களும் மெதுவேகத் தெருக்களும் படிப்படியாக அமைக்கப்பட்டன.

சட்டமும் நீதிமன்றமும்

கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எசு. இராசசேகரன், சாலைப் பாதுகாப்புக் கோரி 2012 இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். இவ்வழக்கில் நீதிமன்றம் 2014 இல் நீதியரசர் கே. எசு. இராதாகிருட்டிணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது.

2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு, வடிவமைப்புத் தரங்களைப் பின்பற்றாததால் இறப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகார அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க வகைசெய்கிறது. 2025 மே மாதத்தில், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்துவது அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, நடப்போர் பாதுகாப்பு, சாலை வடிவமைப்பு ஆகியவை குறித்த விதிகளை ஆறு மாதங்களுக்குள் இயற்றுமாறு மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 50 பெருநகரங்களில் நடைபாதைகளைத் தணிக்கை செய்யவும் பணித்தது.

தமிழ்நாட்டில்

சென்னை மாநகராட்சி 2014 இல் மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்குவது அதன் இலக்குகளுள் ஒன்று. தியாகராய நகர் பாண்டி பசாரில் அகன்ற நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது.

இத்தகைய மாற்றங்களுக்கு எதிர்ப்பும் உண்டு. வாகன நிறுத்துமிடம் குறைந்தால் வணிகம் குறையும் எனக் கடைக்காரர்கள் அஞ்சுகின்றனர். தெருவோர வணிகர்கள் அகற்றப்படுவர் என்னும் அச்சமும் நிலவுகிறது. இவ்வணிகர்களின் வாழ்வுரிமையை 2014 ஆம் ஆண்டுத் தெரு வணிகர் சட்டம் காக்கிறது. எனவே நடைபாதை வடிவமைப்பில் நடப்பதற்கும் விற்பதற்கும் தனித்தனியே இடம் வகுக்கப்பட வேண்டும்.

சிறு நகரங்கள்

உச்ச நீதிமன்றத்தின் தணிக்கை ஆணை பெருநகரங்களுக்கு உரியது. ஏரல் போன்ற பேரூராட்சிகள் அதில் அடங்கா. தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் அமைந்த ஏரல், சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் சந்தையூர். இங்குள்ள சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு ஆடி, தை அமாவாசை நாட்களில் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். அருகிலுள்ள திருச்செந்தூருக்கும் பாதயாத்திரையாகச் செல்வோர் பலர்.

இத்தகைய ஊர்களில் கடைத்தெருவே பெரும்பாலும் ஊர்களை இணைக்கும் நெடுஞ்சாலையாகவும் உள்ளது. சாலை நெடுஞ்சாலைத் துறைக்கும், வடிகாலும் விளக்கும் பேரூராட்சிக்கும் உரியனவாக இருப்பதால், நடைபாதை எவருடைய பொறுப்பிலும் சேராமல் விடுபடுகிறது. ஆயினும் இங்குப் பெரும் செலவு தேவையில்லை. பள்ளி வாயிலில் மேடைக் கடவை, ஊர் எல்லையில் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு, மூடிய வடிகாலின் மேல் தொடர்ச்சியான நடைபாதை, யாத்திரைப் பாதையில் விளக்கு ஆகியவற்றைச் சாலை புதுப்பிக்கப்படும்போதே சேர்த்துச் செய்யலாம். ஏரல் கோயிலில் வழிபடப்படும் அருணாசல சுவாமி, 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வூர் உள்ளாட்சியின் தலைவராக இருந்தவர். 'சேர்மன்' என்னும் பெயர் அப்பதவியால் வந்தது. தெருக்களைப் பேணுதல் உள்ளாட்சியின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என்பதால், இம்மாற்றங்களைக் கோரும் மக்கள் முதலில் அணுக வேண்டிய இடமும் பேரூராட்சியே ஆகும்.