மொழித் தேர்வு எதை அளக்கின்றது?

மொழித் தேர்வில் பிள்ளை குறைந்த புள்ளி பெற்றுவிட்டால், "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று பெற்றோர் சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவால் இடையில் நின்றுபோன படிப்புகள் பல. ஆகவே, தேர்வு எதனை அளக்கின்றது, எதனை அளப்பதில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

தரப்படுத்தப்பட்ட தேர்வு என்பது யாது? ஒரே வினாக்களை ஒரே வயதுடைய பிள்ளைகள் பலருக்குக் கொடுத்து, அவர்கள் பெற்ற புள்ளிகளை அளவுகோலாக வைத்துக்கொள்வர். பின்னர்த் தேர்வு எழுதும் பிள்ளை அவர்களோடு ஒப்பிடப்படுவான். எனவே, அளவுகோலாக நின்ற பிள்ளைகள் எந்நாட்டினர், வீட்டில் எம்மொழி பேசியோர் என்பதே முதற்கேள்வி.

நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். ரொட்டியின் படத்தைக் காட்டிப் பெயர் கேட்டால் இலங்கைப் பிள்ளை 'பாண்' என்பான். நம் பிள்ளை 'ரொட்டி' என்பான். காலையில் உண்பதை நாம் 'பசியாறுதல்' என்கின்றோம்; சென்னையில் 'டிபன் சாப்பிடுதல்' என்பர். சென்னைப் பிள்ளைகளுக்காக ஆக்கிய தாளில், பிரிஞ்சாங் பிள்ளை அறிந்த கொழுந்துக்கும் லயத்துக்கும் பெரட்டுக்கும் இடமிராது. குறைந்த புள்ளி அறிவுக் குறைவைக் காட்டாது, பழக்கமின்மையையே காட்டும்.

இதனை உணராமையால் பெருந்தீங்குகள் நேர்ந்துள்ளன. முதல் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு நடத்திய தேர்வுகளைக் கொண்டு, தென் ஐரோப்பாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் குடியேறியோர் அறிவிற் குறைந்தவர் என்று 1923-இல் கார்ல் பிரிகாம் என்பார் நூல் எழுதினார். அந்நாட்டில் நெடுநாள் வாழ்ந்து அதன் மொழியும் வழக்கமும் அறிந்தோரே கூடுதல் புள்ளி பெற்றிருந்தனர். 1930-இல் பிரிகாமே தம் முடிவைக் கைவிட்டார். 1970-இல் கலிபோர்னியாவில், ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளை ஆங்கிலத்தில் சோதித்து, மூளை வளர்ச்சி குன்றியோர் வகுப்பிற் சேர்த்தது குறித்து வழக்கு எழுந்தது. தாய்மொழியில் மீண்டும் சோதித்தபொழுது அவர்களுட் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் என்பது தெளிவாயிற்று.

நம் நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988 முதல் 2019 வரை நடைபெற்று, 2021-இல் நீக்கப்பட்டது. அத்தேர்வில் தேசிய வகைப் பள்ளிகளுக்கு மலாய்மொழித் தாள் தனியே அமைந்திருந்தது. வீட்டில் மலாய் பேசும் பிள்ளையும் பேசாத பிள்ளையும் ஒரே நிலையில் தொடங்குவதில்லை அன்றோ? மலாய்மொழியில் வேண்டிய தரம் பெறாதோர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்ற பின்னரே முதலாம் படிவம் சென்றனர். அவ்வகுப்பு மொழிப் பயிற்சிக்காக ஏற்பட்டது. அதனை மந்தப் பிள்ளைகளின் வகுப்பு என ஊரார் பேசியது தவறு. அப்பேச்சால் மனமுடைந்த பிள்ளைகளும் உண்டு.

அவ்வாறாயின் தேர்வே வேண்டாவோ? வேண்டும். 1905-இல் பாரிசில் பினே என்னும் அறிஞர் தம் சோதனையை வகுத்தது, தனியுதவி வேண்டும் பிள்ளைகளைக் கண்டறிவதற்கே. இன்ன இடத்தில் பிள்ளை தடுமாறுகின்றான் என்று காட்டும் தேர்வு ஆசிரியருக்குக் கைவிளக்காகும். மலாய்மொழி நம் பிள்ளைகளின் வாழ்வுக்கு இன்றியமையாதது. அதனைத் தளர்வின்றிக் கற்பிப்பது நம் கடமை.

பெற்றோரே! புள்ளிப் பட்டியல் கைக்கு வந்ததும், எம்மொழித் தேர்வு, எப்பகுதியில் குறை, அதனை நீக்க என்ன செய்யலாம் என்னும் மூன்றையும் ஆசிரியரிடம் கேளுங்கள். மலாய் வளரவேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். கதை சொல்லுங்கள், நாளிதழைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மொழியில் நன்கு சிந்திக்கப் பழகிய பிள்ளைக்கு மறுமொழி எளிதில் வசப்படும்.